இளவரசி ரகம்

காலை ஆறு நாற்பது. ஜீப் ஏழு மணிக்கு வரும்.

சபாபதி சொந்த வீட்டுக் கொல்லையில் திருடனைப் போலக் குந்தி உட்கார்ந்து, தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார்.

நாலுக்கு நாலடிச் சதுரம். திராட்சைக் கொடியின் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, நேற்று மாலை அரசாங்க ஆள் ஒருவர் போட்டுவிட்டுப் போனது. இன்றைக்கு அதற்குள் ஆறடி ஆழத்துக்குக் குழி வெட்டப்போகிறார்கள்.

வெட்டக் கூடாது. வேறு எங்கே வெட்டினாலும் சரி. தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு நடுவீட்டில் வெட்டினாலும் சரி. அந்த நாலடி மட்டும் கூடாது.

"சீக்கிரம்பா!"

மதிலுக்கு மேலே ஹனீஃபாவின் தலை தெரிந்தது. பக்கத்து வீடு. சரிகை வியாபாரி. சபாபதிக்கு நாற்பது வருஷ சிநேகிதம்.

"ஜீப்பு மூங்கில் மண்டபத்தாண்ட நிக்குது. இட்லி தின்னுக்கினு இருக்கானுங்களாம். கடைக்காரன் போன் பண்ணான்."

"எத்தினி இட்லி பாய்?"

"நாலு சொல்லியிருக்கானுங்க. வடை வேற."

அப்படியென்றால் பதினைந்து நிமிஷம்.

சுண்ணாம்பு அழிந்தது. இனி வேறு இடத்தில் புதுச் சதுரம் போட வேண்டும். சபாபதி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார். கொடியிலிருந்து பதினோரு அடி. வீட்டில் சுண்ணாம்பு இல்லை. மனைவி கிருஷ்ணம்மாளின் கோல மாவு டப்பா இருந்தது. எடுத்தார். நாலு மூலையிலும் குச்சி நட்டு, பட்டு நூல் கட்டி, எதிர் மூலைகளை அளந்து, அரை விரற்கடை வித்தியாசம் வந்ததும் பிரித்துத் திரும்பக் கட்டினார்.

"டேய், அவசரத்துல இன்னாடா பண்ற!"

"கோணலா இருக்குது பாய்."

அதுதான் அவர் செய்த தப்பு. நாற்பத்தைந்து வருஷம் தறியில் உட்கார்ந்த கை. அதற்குக் கோணல் தெரியாது.

*

ஆணையத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மாநில ரசத்திராட்சை மண் மற்றும் தட்பவெப்ப நிர்ணய ஆணையம். பெயர்ப்பலகை ஜீப்பின் முன்பக்கம் போதாமல் பக்கவாட்டுக் கதவில் முடியும். உலகத்தில் நல்ல ஒயின் ஊறும் இடத்தில் எல்லாம் மண்ணும் வெயிலும் குளிரும் சேர்ந்து அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்திருக்கின்றன; நமக்கு ஏன் அப்படி ஒரு முகம் இல்லை என்று ஆறு வருஷத்துக்கு முன் யாரோ எங்கோ கேட்டுவிட்டார்கள். முகத்தைத் தேட ஆணையம் போட்டார்கள். இதுவரை பதினொரு கருத்தரங்கு, மூன்று வெளிநாட்டுப் பயணம், ஒரு சுவரை முழுசாக அடைக்கும் வரைபடம். திராட்சை மட்டும் கிடைக்கவில்லை. இந்த மாதக் கடைசியோடு ஆணையத்தின் ஆயுள் முடிகிறது.

வரைபடத்தில் காஞ்சிபுரத்துக்குக் கறுப்பு வண்ணம். கறுப்பு என்றால் சாத்தியமில்லை. காரணமும் கீழே போட்டிருந்தது. பகலும் ராத்திரியும் ஒரே சூடு; பழத்தில் புளிப்பு தங்காது. பழுக்கிற நேரத்தில் மழை. ஏரிக் களிமண், தண்ணீர் நிற்கும், வேர் அழுகும். ஆகவே இந்த ஊரில் நல்ல திராட்சை விளையாது.

விளைந்திருந்தது. பிள்ளையார்பாளையத்தில், சபாபதி வீட்டுக் கொல்லையில், முப்பத்தொரு வருஷமாக.

ஆணையத்தின் தலைவர் தணிகாசலம் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை பார்க்க வந்தவர். பார்டர் பிடிக்கவில்லை. கை கழுவக் கொல்லைக்குப் போனார். கொடியிலிருந்து ஒரு பழத்தைக் கேட்காமல் பறித்து வாயில் போட்டார். முதலில் இனிப்பு. பிறகு புளிப்பு. எல்லாம் போன பிறகு அடிநாக்கில் லேசாக ஒரு உப்பு. கண்ணை மூடி நின்றார்.

"மண் பேசுகிறது" என்றார்.

சபாபதி கொடித் தண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

*

அடுத்த வாரமே வந்துவிட்டார்கள். படிவம் நாற்பத்தாறு கேள்வி. எழுதிக்கொண்டவள் தீபிகா. மண்ணியல் படித்த பெண். ஒப்பந்த வேலை. ஆணையத்தில் மண்ணைத் தொட்டுப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"ஏழாவது கேள்விங்க. ரகத்தோட பேரு?"

"திராட்சைம்மா" என்றார் சபாபதி.

"அது இனம்ங்க. ரகம்?"

"கறுப்புத் திராட்சை."

"அது நிறம்" என்றார் தணிகாசலம். "மனுஷனுக்குப் பேர் இல்லாம இருக்கலாம். ரகத்துக்குப் பேர் இல்லாம இருக்கக் கூடாது. பேர் இல்லாததை அரசிதழ்ல எப்படிப் போடுறது?"

சமையல்கட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இளவரசி."

கிருஷ்ணம்மாள். வெளியாட்கள் வந்தால் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள். ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சபாபதியின் கையிலிருந்த டம்ளர் சரிந்து காபி வேட்டியில் கொட்டியது. யாரும் கவனிக்கவில்லை.

"பிரமாதம்!" தணிகாசலம் தொடையைத் தட்டினார். "பாட்டில் மேல தங்க எழுத்துல வரும். இளவரசி! கூலா பரிமாறவும்!"

கொடியைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி. சபாபதி மதிலைப் பார்த்தார். ஹனீஃபா தலையைக் கீழே இழுத்துக்கொண்டார்.

"என் பேர எழுதிடாதம்மா" என்று மதிலுக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது. "ஒயினுக்கு நான்தான் வேர் குடுத்தேன்னு ஜமாத்துல தெரிஞ்சா, வீட்ல ஜோஹரா எனக்கு சோறு போட மாட்டா."

"'அண்டை வீட்டார்'னு போட்டுக்கிறேன் சார்" என்றாள் தீபிகா.

*

பிறகு ஆரம்பித்தது.

கொடிப்பந்தலில் வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்கவிட்டார்கள். உள்ளே வெப்பமானி. மூன்றாம் நாள் ஓர் உத்தரவு வந்தது. காலை எட்டரைக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் வெப்பம் இரண்டு டிகிரி எகிறுகிறது. விசாரணையில் அது குடும்பத் தலைவியின் சமையல் என்று தெரியவந்துள்ளது. தட்பவெப்பத்தில் தனிநபர் தலையீட்டை ஆணையம் அனுமதிக்காது. கிருஷ்ணம்மாள் அடுப்பைத் தூக்கித் தெருப்பக்கம் வைத்தாள். தெருவே பார்க்க தோசை வார்த்தாள்.

கொல்லையில் காயப்போட்ட புடவை காற்றின் திசையை மாற்றுகிறது என்று அடுத்த உத்தரவு. புடவை மொட்டை மாடிக்குப் போனது. தறிச் சத்தம் வேர்களுக்கு அதிர்ச்சி தருகிறதா என்று ஒருவர் காதை மண்ணில் வைத்து அரை நாள் படுத்திருந்தார். தூங்கிவிட்டார். 'அதிர்ச்சி இல்லை' என்று அறிக்கை கொடுத்தார்.

பத்தாம் நாள், தண்ணீர்.

"இனிமே கொடிக்குத் தண்ணி ஊத்தக் கூடாது" என்றார் தணிகாசலம்.

"வாடிடுங்க" என்றார் சபாபதி.

"வாடணும்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்களுக்கு இது புரியாது. நான் மூணு நாட்டுல பாத்துட்டு வந்திருக்கேன். செல்லம் குடுத்து வளத்த கொடியில ரசம் இருக்காது, வெறும் தண்ணிதான். கல்லும் சரளையுமா இருக்கணும், தாகம் எடுக்கணும், வேர் தேடித் தேடி ஆழத்துக்குப் போகணும். கொடி கஷ்டப்படணும்யா! வலி தெரியாத மண்ணுல ருசி வராது. வாழ்க்கையில நீங்க எதையாவது இழந்திருந்தா நான் சொல்றது புரியும்."

கிருஷ்ணம்மாள் உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

அன்று சாயங்காலம் தீபிகா வெப்பமானியைக் குறித்துக்கொண்டே தானாகப் பேசினாள்.

"குளிர் நாட்டுல இதுங்க வருஷத்துல நாலு மாசம் தூங்கும்ங்க. இலையெல்லாம் கொட்டிட்டு செத்த மாதிரி கெடக்கும். அப்புறம் எழுந்து வரும். நம்ம ஊர்ல குளிரே கிடையாதா, அதனால இதுக்குத் தூக்கமே இல்ல. வருஷம் பூரா முழிச்சுக்கிட்டே இருக்கும்."

"இந்த வீட்ல ரெண்டு பேருக்கும் அப்படித்தாம்மா" என்றார் சபாபதி.

யார் அந்த இரண்டாவது ஆள் என்று அவள் கேட்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

உத்தரவு வந்த பிறகு கிருஷ்ணம்மாள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் காலை ஏழேகாலுக்குக் கொடியடிக்குப் போவதை நிறுத்தவில்லை. முப்பத்தொரு வருஷமாகப் போகிறாள். ஏன் என்று ஆணையம் கேட்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

நாற்பத்தோராவது கேள்விதான் இருந்தது. 'மேற்படி மண்ணில் மனிதத் தலையீடு ஏதும் உண்டா?'

சபாபதி அதற்கு மட்டும் நாலு நாளாகப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டார். குழி வெட்டும் தேதி குறித்த அன்று ஹனீஃபாவின் கடைக்கு ஓடினார்.

"சொல்லிடவா பாய்? சொன்னா விட்டுடுவாங்களா?"

ஹனீஃபா சரிகைக் கட்டைத் தராசிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். கல்லாப் பெட்டியை மூடினார். குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா இவனுங்க போயிடுவானுங்க. ஆனா வேற ஆபீஸ் வரும். கேள்வி கேக்க வரும். அவனுங்களும் கடப்பாறையோடதான் வருவானுங்க. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்."

"மூணு பேரு."

"ஆமா" என்றார் ஹனீஃபா. "மூணு பேரு."

*

ஏழு மூன்று. ஜீப் வந்தது.

தணிகாசலம் முன்னால். தீபிகா கோப்போடு பின்னால். கடப்பாறையும் மண்வெட்டியுமாக இரண்டு கூலியாட்கள். சபாபதி தறியிலிருந்து அப்போதுதான் எழுந்து வருகிறவர் போல வந்தார். கை முழுக்க மாவு.

தணிகாசலம் புதுச் சதுரத்தின் முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது நம்ம ஆள் போட்டது இல்ல."

"நேத்து அவர்தாங்க வந்து..."

"யோவ், நான் முப்பது வருஷ சர்வீஸ். நம்ம துறையில நேர்க்கோடு போட ஒருத்தன் கிடையாது. இது தாசில்தார் ஆபீஸ் மதிலைவிட நேரா இருக்குது. யார் போட்டது?"

சபாபதி மாவுக் கையை வேட்டியில் துடைத்தார்.

அதற்குள் அடுத்த சாட்சி வந்துவிட்டது. சதுரத்தின் ஒரு பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எறும்புகள். கோட்டைத் துணுக்குத் துணுக்காகத் தூக்கிக்கொண்டு வரிசையாக மதிலை நோக்கிப் போயின. கிருஷ்ணம்மாள் கோலத்துக்குப் பச்சரிசி மாவுதான் அரைப்பாள். கல் மாவு வாங்க மாட்டாள்.

"சுண்ணாம்பை எறும்பு தின்னுமா தீபிகா?"

"தின்னாது சார்."

"அரசு அளவைக் குறியீட்டை இடம் மாத்தியிருக்கீங்க" என்றார் தணிகாசலம் சபாபதியிடம். "அதுவும் தின்பண்டத்தால. தண்டுலேர்ந்து ஒரு முழம், அதுதான் விதி. ஏய், பழைய இடத்துலயே வெட்டுங்கப்பா!"

கடப்பாறை உயர்ந்தது.

சபாபதி ஓடினார். அறுபத்தொரு வயசு. கொடியடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கவிழ்ந்து படுத்து இரண்டு கையையும் விரித்து மண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"என் மேல போடுங்க. இங்க போடாதீங்க."

கூலியாள் கடப்பாறையை அந்தரத்தில் நிறுத்தினான்.

"இன்னாத்துக்கு சார் நமக்கு வம்பு?" என்றான் இன்னொருவன்.

"எழுந்திருங்க" என்றார் தணிகாசலம். கோபமே இல்லை, மேடைக் குரல். "இங்க ஆராய்ச்சி நடக்குது. உங்களுது உணர்ச்சி. நான் மதிக்கிறேன். ஆனா உணர்ச்சிக்கு வேற துறை இருக்குது, அங்க மனு குடுங்க. ஒரு நாலடி மண்ணுக்காக இந்த மாநிலத்தோட முகத்தையே மறைக்கிறீங்க. அந்த மண்ணுக்குள்ள அப்படி என்ன வெச்சிருக்கீங்க, தங்கமா?"

சபாபதி தலையைத் தூக்கவில்லை. மதில்மேல் ஹனீஃபாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. துஆ ஓதுகிறார் என்று தெரிந்தது.

ஏழு பதினைந்து.

கிருஷ்ணம்மாள் சமையல்கட்டிலிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கடப்பாறைக்குக் கீழே குனிந்து, தணிகாசலத்தின் தோளைத் தாண்டி, புருஷன் விரித்திருந்த கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் இருந்தது வெள்ளிப் பாலாடை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது. மூக்கு நசுங்கிப் பழசாகியிருந்தது. அதைச் சாய்த்தாள். பால் நூலாக இறங்கியது. வேரில் ஊற்றுகிற மாதிரி இல்லை. அவசரப்பட்டால் புரையேறிவிடும் என்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

கூலியாள் கடப்பாறையைக் கீழே இறக்கினான்.

"அம்மா, மண் மாதிரி எடுக்கும்போது பால் ஊத்துறது..." என்று தணிகாசலம் ஆரம்பித்தார்.

"சார்." தீபிகா கூப்பிட்டாள். அவள் பார்வை பாலாடையை விட்டு நகரவில்லை. "விதி பதினாலு, உட்பிரிவு மூணு சார்."

"என்ன?"

"பால் ஊத்தின மண்ணுல நாப்பத்தெட்டு நாளைக்கு மாதிரி எடுக்கக் கூடாது சார். நீங்க போட்ட விதிதான்."

தணிகாசலம் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். ஆணையத்தின் விதிப் புத்தகம் அறுநூறு பக்கம். எழுதியவர் அவர். படித்தவர் யாரும் இல்லை. அப்படி ஒரு விதி அதில் இல்லை என்று சொல்ல அவர் முதலில் அதைப் படித்திருக்க வேண்டும்.

"ஆமாமா" என்றார் மெல்ல. "பதினாலு மூணு. அதுக்காக நான் எவ்வளவு போராடினேன் தெரியுமா? யாருமே ஒத்துக்கல."

"நமக்கு ஒம்பது நாள்தான் இருக்குது சார். கொடியோட வேர் பதினோரு அடி தாராளமா ஓடியிருக்கும். துவைக்கிற கல்லாண்டயே எடுத்துக்கலாம். சதுரமும் போட்டு ரெடியா இருக்குது."

"எறும்பைத் தட்டிட்டு வெட்டுங்கப்பா" என்றார் தணிகாசலம்.

*

குழி விழுந்தது. இரண்டடியில் களிமண். மூன்றடியில் அரக்குச் சிவப்பாக ஒரு வரி. அதற்குக் கீழே கிளிப்பச்சை. அதற்கும் கீழே மாம்பழ மஞ்சள். தணிகாசலம் குழி விளிம்பில் மண்டியிட்டார்.

"இரும்பு! தாமிரம்! கந்தகம்! உலகத்துல எந்தத் திராட்சைத் தோட்டத்துலயும் இப்படி ஒரு அடுக்கு கிடையாது!" சிவப்பு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "அந்த உப்பு. அதே உப்பு."

"சார், அது எங்க அப்பா காலத்துல சாயத் தண்ணி ஊத்தின..."

மதிலுக்கு மேலே ஹனீஃபா பலமாக இருமினார். சபாபதி வாயை மூடிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு முன்னால் பத்திரிகைக் குறிப்பு தயாராகிவிட்டது. 'தெய்வ மண் கண்டுபிடிப்பு. ஆணையத்தின் ஆயுளை நீட்டிக்கப் பரிந்துரை.' வரைபடத்தைத் திருத்த வேண்டுமே என்று யாரோ போனில் கேட்டார்கள். லேமினேட் செய்தாகிவிட்டது, ஆகவே காஞ்சிபுரத்தின் கறுப்பு இனிமேல் 'மிகமிகச் சாத்தியம்' என்று பொருள்படும் என்றார் தணிகாசலம். ஜீப் போனது. நாக்கில் சிவப்போடு அவர் கை அசைத்தபடி போனார்.

தீபிகா போகவில்லை. படிவத்தை முடிக்க வேண்டும். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பக்கம் திருப்பினாள். நாற்பத்தோராவது கேள்வியில் யாரையும் கேட்காமல் 'இல்லை' என்று எழுதினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அங்கே ஒரே ஒரு கட்டம்.

கிருஷ்ணம்மாள் தொட்டியில் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சபாபதி கொடியடியில் எழுந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க மண், தட்டிவிடவில்லை.

"ரகத்துக்குப் பேர் வந்த காரணம்னு ஒண்ணு கேட்டிருக்குதுமா" என்றாள் தீபிகா. "இது கட்டாயம் இல்ல. வெறுமையா விட்டுடறேன்."

கிருஷ்ணம்மாள் பாலாடையை முந்தானையில் துடைத்தாள். மதிலைப் பார்த்தாள். ஹனீஃபா தலையை இழுத்துக்கொள்ளவில்லை, கண்ணைத்தான் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் கார்த்திகையில ஒம்பது நாள் விடாத மழைமா. வேகவதி ஆத்துல வெள்ளம் வந்து சுடுகாட்டுக்குப் போற பாலம் முங்கிருச்சு. பால் குடிக்கிறதுங்கள எரிக்கக் கூடாது, பொதைக்கணும்னுவாங்க. எங்க கொண்டு போறது? இவரு புள்ளயத் தூக்கின கைய எறக்கல. பாய்தான் மண்வெட்டிய வாங்கி இங்க தோண்டினாரு. அப்பால யாரும் தெரியாம வெட்டிடக் கூடாதுன்னு எங்கயோ போய் இந்தக் குச்சியக் கொண்டாந்து நட்டாரு."

தீபிகாவின் பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"பதினோராம் நாள் பேர் வெச்சோம். பன்னெண்டாம் நாள் காலைல போயிட்டா. அந்தப் பேரச் சொல்லி நான் ஒரு தரம்கூடக் கூப்பிடலமா. வெச்ச பேர் சும்மா கெடக்கக் கூடாதுன்னு கொடிக்குச் சொல்லிட்டேன்."